முப்பத்தொன்று என்றால் எத்தனை? இறாத்தல், ஸ்டோன், கிலோ – ஒரே உடலுக்கு மூன்று கணக்குகள்

போன மாரியில் ஒரு இரவு. அக்காவின் மகனுக்கு நான்கு வயது. பின்னேரம் தொடங்கிய காய்ச்சல் இரவு எட்டு மணிக்கு அனலாகக் கொதித்தது. வெளியே கொட்டும் மழை. திருகோணமலை உட்துறைமுக வீதியை அண்டிய எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஓட்டோவும் வராது. வீட்டில் இருந்த மருந்து, ரொறன்ரோவிலிருந்து வந்த மாமி விட்டுப்போன பரசிற்றமோல் பாணி ஒன்றுதான். அதன் பெட்டியில் பிள்ளையின் நிறைக்கு ஏற்ப எத்தனை மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது.

லண்டன் சித்தப்பா வாங்கித் தந்த மின்தராசு ஒன்றும் வீட்டில் இருந்தது. அக்கா மகனை அதில் ஏற்றிவிட்டு, “முப்பத்தொன்று” என்று கூப்பிட்டுச் சொன்னார். நான் பெட்டியில் கிலோ என்று எழுதியிருந்த நிரலில் 31ஐத் தேடி, அதற்கு நேரே இருந்த அளவைக் கரண்டியில் ஊற்றத் தொடங்கிவிட்டேன்.

அம்மாதான் தடுத்தார். “முப்பத்தொரு கிலோவோ? அது அஞ்சாம் வகுப்புப் பிள்ளையின்ர நிறையெல்லோ. நிவாரண அரிசி மூட்டை தூக்கின கை என்ர கை. இவன் அதில பாதியும் வரமாட்டான்.”

தராசைத் திரும்பப் பார்த்தோம். எண்ணின் பக்கத்தில் எறும்பளவு ‘எல்.பி.’ என்ற எழுத்துகள். அது காட்டியது 31 கிலோ அல்ல, 31 இறாத்தல். கிலோவில் 14. நான் ஊற்றப்போன அளவு, கொடுக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு தடவையோடு நின்றால் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். ஆனால் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவையென அந்த அளவையே இரண்டு நாள் கொடுத்திருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். காய்ச்சலுக்கு எல்லோரும் பயமின்றிக் கொடுக்கும் அதே மருந்து, அளவு மீறினால் ஈரலைத்தான் முதலில் தாக்கும்.

தராசும் சரி, பெட்டியும் சரி. எண்ணோடு வரவேண்டிய அலகு மட்டும் இடையில் விழுந்துவிட்டது. போரால் நாலு நாட்டுக்குச் சிதறிய எங்கள் குடும்பங்களில் மருந்து ஒரு நாட்டிலிருந்தும், தராசு இன்னொரு நாட்டிலிருந்தும், ஆலோசனை மூன்றாவது நாட்டிலிருந்து தொலைபேசியிலும் வருகிறது. ஆகவே இந்தத் தவறு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்த அலகுகளைக் கொஞ்சம் விளங்கி வைத்திருப்பது நல்லது.

ஒரே ஆள், மூன்று எண்கள்

ஒரே நிறையுள்ள மூன்று சகோதரர்களை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் இருப்பவர் தன் நிறையை 150 என்பார். லண்டனில் இருப்பவர் “பத்து ஸ்டோன் பத்து” என்பார். திருகோணமலையில் இருப்பவரின் கிளினிக் கொப்பியில் 68 என்று இருக்கும். மூவரும் ஒரே நிறைதான். எண்ணை மட்டும் கேட்டால் ஒருவர் மிகப் பருத்தவர், மற்றவர் எலும்பும் தோலும் என்று தோன்றும்.

பிரித்தானியரின் பழைய நிறைக் கணக்கு ஒரு சங்கிலி போன்றது. 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஓர் இறாத்தல். 14 இறாத்தல் சேர்ந்தால் ஒரு ஸ்டோன். 8 ஸ்டோன், அதாவது 112 இறாத்தல், சேர்ந்தால் எங்கள் ஊரில் ‘அந்தர்’ என்று சொல்லும் அளவு. 20 அந்தர் சேர்ந்தால் ஒரு தொன். 1957 வரை பிரித்தானியக் கடற்படை நிலைகொண்டிருந்த திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலும் சரக்கும் மாலுமியின் உடலும் இந்த ஒரே சங்கிலியில்தான் அளக்கப்பட்டன. ஒரு மூட்டை ஓர் அந்தர் என்றால் கிட்டத்தட்ட 51 கிலோ. அதைத் தோளில் சுமந்த கூலித்தொழிலாளிகளில் பலருடைய சொந்த நிறையே அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இதில் பத்துப் பத்தாகக் கூடுவது எதுவும் இல்லை. 16, 14, 8, 20 என்று ஒவ்வொரு படியிலும் எண் மாறும். கிலோவில் 1000 கிராம் என்ற ஒன்றைத் தெரிந்தால் போதும். இங்கே நான்கு எண்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஓர் இறாத்தல் என்பது எவ்வளவு என்பதும் ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு சிறிது வேறுபட்டது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவை 1959இல் ஒரே அளவுக்கு உடன்பட்டன. அன்றிலிருந்து ஓர் இறாத்தல் என்பது 0.45359237 கிலோகிராம். சாதாரணப் பாவனைக்கு 454 கிராம் என்று எடுக்கலாம். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ. ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று அதிகம்.

கல்லால் நிறுத்த காலம்

ஸ்டோன் என்றால் கல். உண்மையிலேயே கல்லை வைத்து நிறுத்த காலத்தின் பெயர் அது. இது எங்களுக்கு அந்நியமான விடயமும் அல்ல. தராசின் ஒரு தட்டில் வைக்கும் இரும்புத் துண்டையும் பித்தளைத் துண்டையும் நாங்கள் இன்றும் ‘எடைக்கல்’ என்றுதான் சொல்கிறோம். பொருள் இரும்பாகிவிட்டது, பெயர் கல்லாகவே நிற்கிறது.

இங்கிலாந்தில் ஊருக்கு ஒரு கல், பொருளுக்கு ஒரு கல் இருந்தது. கம்பளி நிறுக்கும் கல் 14 இறாத்தல். லண்டன் இறைச்சிச் சந்தையின் கல் 8 இறாத்தல். 1835இல் வந்த சட்டம் 14 இறாத்தல் என்று ஒரே அளவாக்கியது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரித்தானியாவில் ஸ்டோன் கணக்கில் வியாபாரம் செய்ய முடியாது. அங்கே வைத்தியசாலைப் பதிவுகளும் கிலோவில்தான். ஆனாலும் “நீர் எத்தனை நிறை?” என்று கேட்டால் பிரித்தானியரும் அயர்லாந்துக்காரரும் பெரும்பாலும் ஸ்டோனில்தான் பதில் சொல்வார்கள். சந்தையை விட்டுப் போன கல், மனிதர்களின் உடம்பில் மட்டும் தங்கிவிட்டது.

அமெரிக்கரும் கனடியரும் ஸ்டோனைப் பாவிப்பதில்லை. அவர்கள் இறாத்தலோடு நின்றுவிடுவார்கள். கனடா அதிகாரபூர்வமாக மெட்ரிக் நாடு, ஆனால் உடல் நிறையைப் பேசும்போது இறாத்தல்தான். அவுஸ்திரேலியா, நோர்வே, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளில் கிலோ. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஜேர்மன் மொழியில் ‘புஃபுண்ட்’ என்றும் பிரெஞ்சில் ‘லீவ்ர்’ என்றும் பேச்சில் வருவது எங்கள் இறாத்தல் அல்ல. இன்றைய வழக்கில் அது சரியாக அரைக் கிலோ, 500 கிராம். சூரிச்சில் இருக்கும் பெரியம்மா பேரப்பிள்ளை பிறந்தபோது “ஏழு புஃபுண்ட்” என்றால் 3.5 கிலோ. லண்டனில் ஏழு இறாத்தல் என்றால் 3.175 கிலோ. வித்தியாசம் 300 கிராமுக்கும் மேல்.

பாணில் தங்கிய இறாத்தல்

ஆங்கிலேயர் ‘பவுண்ட்’ என்று சொல்வதற்கு நாங்கள் சொல்லும் ‘இறாத்தல்’ ஆங்கிலச் சொல்லே அல்ல. அரபு மொழியின் ‘ரத்ல்’ போர்த்துக்கேயரிடம் ‘அறாத்தல்’ ஆகி, அவர்களோடு இலங்கைக்கு வந்தது. சிங்களத்திலும் ‘றாத்தல’ என்பார்கள். போர்த்துக்கேயர் போய், ஒல்லாந்தர் போய், 1795இல் திருகோணமலையைப் பிடித்த ஆங்கிலேயரும் போன பின்பும் அந்தச் சொல் இங்கே நிற்கிறது. ‘பாண்’ என்ற சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததுதான். ஆகவே “ஒரு இறாத்தல் பாண்” என்று கடையில் கேட்கும்போது நாங்கள் பேசுவது பாதி போர்த்துக்கேயம்.

சீனக்குடாவில் உள்ள பிறிமா மாவாலையைத் திருகோணமலையில் தெரியாதவர் இல்லை. நாட்டின் பேக்கரிகளுக்குப் போகும் கோதுமை மாவில் பெரும் பங்கு இந்தத் துறைமுகத்தில் அரைபடுகிறது. மூட்டையில் அது கிலோ. பேக்கரியில் பாணாகி வெளியே வரும்போது மறுபடி இறாத்தல். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2024 பெப்ரவரியில் முழுப் பாணின் நிறை 450 கிராம், அரைப் பாணின் நிறை 225 கிராம் என்று அறிவித்தது. 450 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விளங்கும். அது பழைய இறாத்தல், மூன்று நாலு கிராம் உதிர்ந்து கிலோச் சட்டை போட்டு நிற்கிறது.

இலங்கை மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது 1970களில். இன்று நடைமுறையில் இருப்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். இப்போது அறுபது, எழுபது வயதில் இருப்பவர்கள் இறாத்தலில் வளர்ந்து, கிலோவில் முதுமையடைந்தவர்கள். அவர்களுடைய நினைவில் இருக்கும் எண்கள் பழைய அலகில் இருக்கின்றன. அலுவலகப் படிவங்கள் புதிய அலகில் கேட்கின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘பவுண்’ என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எட்டுக் கிராம் தங்கம். அடுத்தது லண்டன் காசு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் “அஞ்சு பவுண் குறைஞ்சிட்டன்” என்று சொன்னால், அவர் சொல்வது நகையையோ காசையோ அல்ல, உடல் நிறையில் ஐந்து இறாத்தலை. அதாவது இரண்டேகால் கிலோ.

தாயின் நினைவில் இருக்கும் எண்

2006இல் சம்பூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஓடியவர்கள் உயிரைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் கிட்டத்தட்டப் பத்து வருடம் இருந்தார்கள். பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேடுகள், கிளினிக் அட்டைகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. வடக்கிலும் கிழக்கிலும் பல தடவை இடம்பெயர்ந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிள்ளை பிறந்தபோது எத்தனை நிறை என்பதற்கு மிஞ்சிய ஒரே பதிவு தாயின் நினைவு.

அந்த எண் வெறும் ஞாபகம் மட்டுமல்ல. ஒரு பெண் அடுத்த தடவை கர்ப்பிணியாகக் கிளினிக்குக்குப் போகும்போது முந்திய பிள்ளைகளின் பிறப்பு நிறையைக் கேட்பார்கள். 2500 கிராமுக்குக் குறைந்தால் அது குறைந்த பிறப்பு நிறை. இறாத்தலில் அது ஐந்தரை. முந்திய பிள்ளை அப்படிப் பிறந்திருந்தால் இந்தக் கர்ப்பத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். மறுபக்கம், முந்திய பிள்ளை ஒன்பது இறாத்தல் என்றால் நாலு கிலோவுக்கு மேல். தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் யோசிக்க வேண்டிய எண் அது. “ஐந்து” என்று தாய் சொல்வதை ஐந்து கிலோ என்று எழுதினால், குறைநிறையோடு பிறந்த பிள்ளை ஏட்டில் இராட்சதப் பிள்ளையாகிவிடும்.

இங்கேதான் புள்ளியின் பொறியும் இருக்கிறது. “ஆறு இறாத்தல் பத்து அவுன்ஸ்” என்பதைச் சுருக்கி 6.10 என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் கணினிக்கும் கணிப்பானுக்கும் 6.10 என்பது ஆறும் பத்தில் ஒன்றும். ஆறு இறாத்தல் பத்து அவுன்ஸ் 3005 கிராம். 6.10 இறாத்தல் 2767 கிராம். ஒரு புள்ளியில் 238 கிராம் காணாமல் போகிறது. ஸ்டோனிலும் இதே பொறிதான். லண்டன் தராசு 9:13 என்று காட்டினால் 9 ஸ்டோன் 13 இறாத்தல், 63 கிலோ. அதையே 9.13 ஸ்டோன் என்று கணக்கிட்டால் 58 கிலோ வரும். நீரிழிவு உள்ள ஒருவர் திடீரென்று ஐந்து கிலோ இறங்கிவிட்டதாக வீடே பதறும்.

உயரத்துக்கு நாங்கள் இன்னும் பாவிக்கும் அடி, அங்குலமும் இதே குடும்பத்து அலகுகள், இதே பொறி அங்கேயும் உண்டு. 5 அடி 10 அங்குலம் 178 சென்ரிமீற்றர். அதை 5.10 அடி என்று எழுதி யாராவது மாற்றினால் 155 சென்ரிமீற்றர் ஆகிவிடும். 22 சென்ரிமீற்றருக்கும் மேல் வித்தியாசம். திருகோணமலையில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 முதல் வீதியில் நின்று பதில் கேட்கிறார்கள். காணாமற்போனவர்களைத் தேடும் விவரப் படிவங்களில் உயரம், பல், பழைய எலும்பு முறிவு போன்றவை கேட்கப்படுவது வழக்கம். எலும்புகளிலிருந்து ஒருவரின் நிறையை அறிவது கடினம், உயரத்தை ஓரளவு கணிக்கலாம். ஆகவே மகனின் உயரத்தைச் சொல்லும் தாய் “ஐந்து அடி, பத்து அங்குலம்” என்று முழுதாகச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதை அப்படியே எழுத வேண்டும். ஒரு புள்ளியால் அந்த மகன் வேறு யாரோ ஒருவராகிவிடக் கூடாது.

வானத்தில் எரிபொருள் முடிந்த விமானம்

அலகு விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் கனடாவில் நடந்தது. 1983 ஜூலை 23 அன்று மொன்றியலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட்ட எயார் கனடா விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் அளவுமானி பழுதாக இருந்ததால் கையால் கணக்குப் போட்டார்கள். கணக்கில் கிலோவுக்குரிய எண்ணுக்குப் பதிலாக இறாத்தலுக்குரிய எண் புகுந்தது. விமானம் 22,300 இறாத்தலோடு, தேவையானதில் பாதிக்கும் குறைவாக, மேலே ஏறியது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளமொன்றில் விமானியால் அதை மிதக்கவிட்டு இறக்க முடிந்தது. அதில் இருந்த 69 பேரும் தப்பினார்கள்.

படித்த பொறியியலாளர்களும் விமானிகளும் இரண்டு மூன்று தடவை சரிபார்த்த கணக்கு அது. மழை இரவில் கரண்டியோடு நின்ற நானும் அதே தவறைத்தான் செய்தேன்.

மனக்கணக்கு

கிலோவை இறாத்தலாக்க: இரட்டித்து, வந்த எண்ணில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். 14 கிலோ என்றால் 28, அதோடு 2.8, ஆக 30.8. எங்கள் தராசு காட்டிய 31 அதுதான்.

இறாத்தலைக் கிலோவாக்க: பாதியாக்கி, வந்த எண்ணில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள். 150 என்றால் 75, அதில் 7.5 போக 67.5. சரியான விடை 68.

ஸ்டோனைக் கிலோவாக்க: ஆறால் பெருக்கி, ஸ்டோன் எண்ணின் மூன்றில் ஒன்றைக் கூட்டுங்கள். 9 ஸ்டோன் என்றால் 54, அதோடு 3, ஆக 57. மிச்சமுள்ள இறாத்தலை மேலே சொன்னபடி தனியாக மாற்றிக் கூட்டுங்கள்.

இவை அண்ணளவானவை. தொலைபேசியில் பேசுவதற்குப் போதும். மருந்துக்குப் போதாது.

வீட்டில் செய்யக்கூடியவை

தராசைத் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மின்தராசுகள் பலவற்றின் அடியில் சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கிலோ, இறாத்தல், ஸ்டோன் என்று மாறும். கிலோவில் வைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

பிள்ளையின் நிறையை யாரிடமும் எண்ணாக மட்டும் சொல்லாதீர்கள், எண்ணாக மட்டும் எழுதாதீர்கள். “பதினாலு” வேண்டாம், “பதினாலு கிலோ” சொல்லுங்கள். அடுத்தவர் எண்ணை மட்டும் சொன்னால் “எதிலே?” என்று கேளுங்கள்.

வெளிநாட்டு மருந்துப் போத்தலில் அலகு மட்டுமல்ல, மருந்தின் செறிவும் மாறும். இங்கே வழமையாகக் கிடைக்கும் பரசிற்றமோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து. கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளுக்கான பாணியில் அதே 5 மில்லிலீற்றருக்கு 160 மில்லிகிராம். ஆகவே “ஒரு கரண்டி” என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றாகாது. அளவை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ போத்தலைக் காட்டிக் கேளுங்கள்.

பழைய எண்ணைத் தாயோ அம்மம்மாவோ சொன்னால், சொன்ன அலகிலேயே எழுதிவிட்டு, பக்கத்தில் கிலோவில் மாற்றி எழுதுங்கள். மாற்றியதில் பிழை இருந்தாலும் மூல எண் தப்பிவிடும்.

அன்றிரவு அக்கா மகனுக்குச் சரியான அளவு கொடுத்தோம், விடியற்காலை காய்ச்சல் இறங்கியது. தண்ணீர் வடிந்ததும் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். குடும்பநல உத்தியோகத்தர் அவனைத் தராசில் ஏற்றிப் பதிவேட்டில் 14 என்று எழுதி, பக்கத்தில் ‘கி.கி.’ என்றும் எழுதினார். எங்கள் வீட்டுத் தராசில் இப்போது ஒரு பிளாஸ்ரர் துண்டு ஒட்டியிருக்கிறது. அதில் அக்கா பேனையால் பெரிதாக ‘கிலோ’ என்று எழுதியிருக்கிறார்.